தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக்கணக்கில் இன்குபேட்டரிலும் குழாய்களுக்கு நடுவிலும் இருந்த குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லும் நாளில், பெற்றோர் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வரும். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருப்பதால் அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவானதை மட்டுமே எழுத முடியும். உங்கள் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது இதிலிருந்து மாறினால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

1. எத்தனை கிலோ வந்தா வீட்டுக்கு அனுப்புவாங்க?

எடையை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. இன்குபேட்டர் இல்லாமல் சாதாரணத் தொட்டிலில் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறதா, குடிக்கும் பால் உடம்பில் ஒட்டி எடை தொடர்ந்து ஏறுகிறதா, மூச்சும் இதயத்துடிப்பும் சீராக இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். இந்த மூன்றும் 2 கிலோவுக்குள்ளேயே கைகூடிய குழந்தைகள் உண்டு. 3 கிலோவைத் தாண்டியும் மூச்சு சீராவதற்காகக் காத்திருக்கும் குழந்தைகளும் உண்டு.

குறைமாதத்தில் பிறந்தவர்களில் பலர், முதலில் குறித்திருந்த பிரசவத் தேதியை ஒட்டி வீட்டுக்குப் போகிறார்கள். மனக்கணக்குக்கு அந்தத் தேதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. நேத்து வரைக்கும் நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொன்னாங்க. இன்னிக்கு இன்னும் அஞ்சு நாள்ங்கறாங்க. ஏன் இப்படி மாத்தறாங்க?

காரணம் பெரும்பாலும் மூச்சு நிற்றல்தான். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலும், அதைவிடக் குறைவாக நின்று கூடவே துடிப்பு குறைந்தாலோ நிறம் மாறினாலோ, குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். அப்படி ஒன்றுகூட இல்லாமல் தொடர்ந்து சில நாள், பல மருத்துவமனைகளில் 5 முதல் 7 நாள், கடந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவில் ஒருமுறை வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

மூச்சைத் தூண்டக் கொடுக்கும் காஃபின் மருந்தை நிறுத்தியிருந்தாலும் இதே காத்திருப்புதான். பெரியவர்கள் உடம்பில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் காஃபின், குறைமாதக் குழந்தையின் உடம்பில் பாதியாவதற்கே நான்கு நாள்வரை எடுக்கும். மருந்தின் தயவில்லாமல் மூச்சு விடுகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

3. இதெல்லாம் நீங்க படிச்சுட்டு செய்யறீங்க. நாங்க எப்படி செய்வோம்? டிஸ்சார்ஜ் அன்னிக்கு சொல்லிக் குடுத்துடுவீங்களா?

டிஸ்சார்ஜ் அன்று சொல்லிக் கொடுப்பது ரொம்பத் தாமதம். அன்று கையெழுத்து, மருந்துச் சீட்டு, வண்டி என்று மனம் பத்துத் திசையில் ஓடும், காதில் விழுவது எதுவும் தங்காது. குழந்தையின் நிலை கொஞ்சம் திடப்பட்ட உடனேயே கற்க ஆரம்பித்துவிடுங்கள். டயபர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, பால் புகட்டுவது என்று தொடங்குங்கள். வீட்டுக்குக் குழாயோ கருவியோ வருமென்றால், அதைத் தொடும் வேலைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பார்த்துத் தெரிந்துகொள்வதும் செய்துகாட்டுவதும் ஒன்றல்ல. நான்கு முறை பக்கத்தில் நின்று பார்த்த அம்மா ஒருவர், ஐந்தாம் முறை சிரிஞ்சைக் கையில் கொடுத்ததும் எந்த மூடியை முதலில் திறப்பது என்று திகைத்து நின்றார். அவர் கவனமாகத்தான் பார்த்திருந்தார். கைக்கு மட்டும் அந்த வேலை இன்னும் பழகவில்லை. அதனால் எந்த வேலையானாலும் ஒருமுறை பாருங்கள், அடுத்து எங்கள் துணையோடு செய்யுங்கள், அப்புறம் நாங்கள் கைகட்டி நிற்க நீங்களே தனியாகச் செய்யுங்கள். செய்யும்போது ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ, மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம்.

செவிலியர் அவசரத்தில் தானே செய்துவிடுவதும் உண்டு. "இன்று நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

4. நான் ஒருத்தி கத்துக்கிட்டா போதாதா? அவருக்கு வேலை இருக்கு.

போதாது. உங்களுக்கும் காய்ச்சல் வரும், உங்களுக்கும் தூக்கம் வேண்டும். முழுப் பயிற்சி பெற்றவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அப்பாவோ பாட்டியோ சித்தியோ, யாராக இருந்தாலும் வீட்டில் நிஜமாகவே கூட இருப்பவராக இருக்கட்டும். அந்த இரண்டாவது ஆளும் 3-வது பதிலில் சொன்னபடி தனியாகச் செய்துகாட்ட வேண்டும். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தால், ஒன்றிரண்டு படிகள் நடுவில் விட்டுப்போகும்.

5. போறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி குழந்தையோட தனி அறையில தங்கச் சொல்றாங்க. எங்களைப் பரீட்சை பண்றாங்களா?

வீட்டுக்கு ஒத்திகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து, பால், இரவு அழுகை எல்லாவற்றையும் நீங்கள் பார்ப்பீர்கள். அழைத்தால் வருகிற தூரத்தில் நாங்கள் இருப்போம். இரவு 2 மணி மருந்துக்கு எழுந்திருக்க முடிகிறதா, குழாய் இணைப்பு புரண்டு படுக்கும்போது கழன்றுவிடுகிறதா என்பதெல்லாம் பகலில் தெரிய வராது. இந்த இரவுகளில் ஏதாவது தவறினால் நல்லதுதான். இங்கே தவறினால் திருத்த ஆளிருக்கிறது.

முடிந்தால் இரண்டாவது ஆளும் ஒரு இரவு தங்கட்டும்.

6. வீட்டுல என்னென்ன தயார் பண்ணணும்?

சாமான்களின் பட்டியல் குழந்தைக்குக் குழந்தை மாறும். எல்லோருக்கும் தேவையானவை கொஞ்சம்தான்: கை கழுவ அருகிலேயே தண்ணீரும் சோப்பும், டிஜிட்டல் வெப்பமானி, இரவில் குழந்தையின் உதட்டு நிறம் தெரியும் அளவுக்கு வெளிச்சம், காற்றோட்டம் உள்ள, ரொம்பக் குளிராத அறை. வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது. வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் உடையிலும் கையிலும் ஒட்டிய புகை குழந்தையின் நுரையீரலைத் தொடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு தாளில் குழந்தையின் நோய், செய்த அறுவை சிகிச்சை, இப்போதைய எடை, மருந்துகளும் அளவும், குழாய் இருந்தால் அதன் அளவு, ஒவ்வாமை, வழக்கமான ஆக்ஸிஜன் அளவு, மருத்துவரின் எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் முன்பின் தெரியாத மருத்துவர் முன்னால் நிற்கும்போது வாய் வராது. அந்தத் தாள் பேசும். ஒரு நகல் கைப்பையில், ஒன்று வீட்டுச் சுவரில், ஒரு படம் ஃபோனில் இருக்கட்டும்.

7. இங்க குப்புறப் படுக்க வெச்சீங்களே. வீட்டுல ஏன் கூடாதுங்கறீங்க?

சில நோய்களில் குப்புறப் படுத்தால் நுரையீரல் நன்றாக விரியும் என்பதற்காக இங்கே வைக்கிறோம். நொடிக்கு நொடி மானிட்டர் ஓடுகிறது, ஆளும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை. திடீர் மரண அபாயம் குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம், குப்புறப் படுப்பது அதை இன்னும் கூட்டும். ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். பெரியவர்கள் இருக்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும்.

பால் கக்கினால் மூச்சில் போய்விடுமே என்று பயப்படுகிறார்கள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கியது கீழ்ப்பக்கமே வழியும். மூச்சுப்பாதையின் அமைப்பிலேயே கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் வேறு நிலை சொல்லுவார்.

8. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. பார்த்தாலே வயித்தைக் கலக்குது.

5 முதல் 10 விநாடி நிறுத்தம், அப்புறம் வேகமாகச் சில மூச்சு, மறுபடி சின்ன நிறுத்தம். நிறம் மாறாமல் இப்படி வந்தால் அது குறைமாதக் குழந்தைகளின் வழக்கமான மூச்சு முறை. வளர வளர மாறிவிடும். 20 விநாடியைத் தாண்டினாலோ, நிறம் வெளுத்தாலோ நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ அது வேறு. அப்போது உள்ளங்காலை உரசி எழுப்பிப் பாருங்கள். தானே சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். எழுப்பியும் மூச்சு வரவில்லை என்றால் 10-வது பதிலைப் பாருங்கள்.

9. எதுக்கு ஓடி வரணும், எதுக்கு ஃபோன் பண்ணினா போதும்? எனக்கு எல்லாமே பயமாத்தான் இருக்கு.

எல்லாவற்றுக்கும் பயம் வருவது இயல்பு. அதனால்தான் குழந்தை நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அமைதியாகத் தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. பொதுவாக 40 முதல் 60 வரை இருக்கும். நுரையீரல் நோயுள்ள குழந்தைக்கு வழக்கமே அதற்கு மேல் இருக்கலாம். அந்த எண்ணை எழுதி வையுங்கள். விலா எலும்புக்கு நடுவே சதை எவ்வளவு உள்வாங்குகிறது என்று பாருங்கள், ஃபோனில் காணொளியாகவும் எடுத்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

உடனே கிளம்ப வேண்டியவை: உதடும் நாக்கும் நீலமாவது (குளிரில் கை கால் மட்டும் நீலமாக இருப்பது வேறு), ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், வழக்கத்தைவிட வேகமான மூச்சோடு விலா உள்வாங்குவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, பச்சை நிற வாந்தி, தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுப்பது, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடம்பு குளிர்வதும் அதே அளவு கவலைக்குரியது. நெஞ்சோடு அணைத்துப் போர்த்தியும் சூடு 36.5-க்கு ஏறவில்லை என்றால் வந்துவிடுங்கள். நோய்த்தொற்று வந்த சின்னக் குழந்தைகள் பலருக்குக் காய்ச்சலே வராது, குளிர்ந்துதான் போவார்கள்.

தலையில் நீர் வடிக்கும் ஷன்ட் வைத்த குழந்தை என்றால் உச்சிக்குழி உப்புவது, விழி கீழ்நோக்கிச் சொருகுவது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் ஃபோன் போதும். "என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் இவன் இவனாக இல்லை" என்று ஒரு அம்மா சொன்னால், நான் அதை ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

10. மூச்சே நின்னுட்டா என்ன பண்றது?

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியைப் பொம்மையில் செய்து பழகாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் இதைக் கற்பது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு இதயம் பெரும்பாலும் மூச்சுத் தடைப்பட்ட பிறகே நிற்கிறது. அதனால் நெஞ்சை அழுத்துவதோடு மூச்சு ஊதுவதும் அவசியம். தனி ஆளாக இருந்தால் 30 அழுத்தம், 2 மூச்சு. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஊதும்போது உங்கள் வாய் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூட வேண்டும், நெஞ்சு லேசாக எழும்பும் அளவு காற்று போதும்.

இதை வாசித்தது பயிற்சி ஆகாது. 3-வது பதிலில் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

11. மூச்சு நின்னா சத்தம் போடற மானிட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுட்டா நிம்மதியா இருக்கும்ல?

ஆக்ஸிஜனிலோ டிரக்கியாஸ்டமியிலோ (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) இருக்கும் குழந்தைக்கும் சில இதய நோய்களுக்கும் மருத்துவரே எழுதித் தருவார். அவை வேண்டும். மற்றபடி நிம்மதிக்காக வாங்கும் கருவிகள் திடீர் மரணத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. 7-வது பதிலில் சொன்ன படுக்கை முறைதான் அதைக் குறைக்கிறது. பொய் அலாரம் இரவெல்லாம் அடித்து, நான்காம் நாள் அதை அணைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

12. ஆக்ஸிஜனோட வீட்டுக்கு அனுப்பறாங்கன்னா இன்னும் சரியாகலைன்னுதானே அர்த்தம்?

நுரையீரல் வளர இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று அர்த்தம். புதிய காற்றறைகள் பிறந்த பிறகும் பல வருடம் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அந்த வளர்ச்சிக்கு ஆக்ஸிஜனும் நல்ல எடையும் தேவை. நிறையக் குழந்தைகளுக்குச் சில மாதங்களில் ஆக்ஸிஜனை நிறுத்திவிட முடிகிறது.

வீட்டில் செறிவூட்டி (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்தால் மின்சாரம் நின்றதும் அதுவும் நிற்கும். பக்கத்தில் உருளை ஒன்று தயாராக இருக்க வேண்டும், அது எத்தனை மணி நேரம் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எளிது. உருளையில் 400 லிட்டர் இருக்கிறது, குழந்தைக்கு நிமிடத்துக்கு கால் லிட்டர் போகிறது என்றால் 1,600 நிமிடம், அதாவது 26 மணி நேரத்துக்குச் சற்று மேல். உருளை முழுதாகத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். கால் பங்கு மிச்சமிருக்கும்போதே மாற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதைக் கொழுந்துவிட்டு எரியச் செய்யும். அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் எதுவானாலும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மூக்கு வறண்டால் பெட்ரோலிய ஜெல்லி தடவாதீர்கள். தண்ணீர் சார்ந்த களிம்பை மருத்துவர் சொல்லுவார்.

குழந்தை நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். விழித்திருக்கும்போது அளவு நன்றாக இருந்து, பால் குடிக்கும்போதும் ஆழ்ந்த தூக்கத்திலும் இறங்குவது சாதாரணம். தொடர்ந்து குறைந்தால் எடை ஏறாது, இதயத்தின் வலப்பக்கத்துக்கும் சுமை கூடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உடனே தெரியாது.

13. ஆக்ஸிஜன் அளவு பார்க்கற மெஷின்ல திடீர்னு 78னு காட்டுது. பிள்ளை சிரிச்சுட்டு இருக்கான். எதை நம்பறது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள். உதடு சிவப்பாக, மூச்சு வழக்கம்போல, விழிப்பாக இருந்தால் உணரியைச் சரிபாருங்கள். காலை உதைத்தாலும், பாதம் குளிர்ந்திருந்தாலும், ஒட்டு தளர்ந்தாலும் எண் தவறாக வரும். பாதத்தைச் சூடாக்கி, மறு காலில் ஒட்டி, துடிப்பு அலை சீராக வந்த பிறகு படியுங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் எண் சரிதான், எழுதிக் கொடுத்தபடி நடந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 96 என்று காட்டினாலும் குழந்தை முனகிக்கொண்டும் விலா உள்வாங்கியும் இருந்தால் எண்ணை விட்டுவிடுங்கள், கிளம்புங்கள்.

எந்த எண் சரி என்பதும் ஒவ்வொருவருக்கும் வேறு. நுரையீரல் நோயில் ஆக்ஸிஜன் பெறும் குழந்தைக்கு 92, 93-க்கு மேல் இருக்கச் சொல்லுவார்கள். ஒற்றை இதயக் கீழறையோடு பிறந்து முதல் அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்ததற்குக் காத்திருக்கும் குழந்தைக்கு 75 முதல் 85 தான் வேண்டிய அளவு. அந்தக் குழந்தைக்கு 95 வந்தால் நுரையீரலுக்கு ரத்தம் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள், அதற்கும் அழைக்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் எண்ணோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எண்ணை 6-வது பதிலில் சொன்ன தாளில் எழுதிவையுங்கள்.

14. மூக்கு வழியா டியூப்ல பால் குடுக்கச் சொல்றாங்க. டியூப் நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா?

இந்தப் பயம் நியாயமானது, இதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பால் விடுவதற்கு முன் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கருகே குழாயிலுள்ள அளவுக்குறி முதலில் வைத்தபோது இருந்த எண்ணிலேயே இருக்கிறதா? சிரிஞ்சால் மெல்ல இழுத்து வரும் திரவத்தை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்டுகிறதா? வயிற்று அமிலம் என்றால் காட்டும். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை மட்டும் நம்பாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே மாதிரி சத்தம் கேட்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு எண் கூடுதலாக வரும். அதற்கு என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் பால் விட வேண்டாம். ஒரு வேளை தள்ளிப்போவது நுரையீரலில் பால் இறங்குவதைவிட எவ்வளவோ மேல். பால் இறங்கும்போது இருமல், புரையேறுதல், நிறமாற்றம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாதீர்கள், உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் மடியில் வைத்து சூப்பக் கொடுங்கள். வாயின் ருசியும் வயிறு நிறைவதும் ஒன்றாகப் பழகினால் பின்னால் வாயால் குடிக்க உதவும்.

15. வயித்துல போட்ட டியூப் கழண்டு வந்துட்டா?

அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். துளை போட்டுச் சில வாரமே ஆகியிருந்தால் நீங்களாகத் திரும்ப நுழைக்கவே கூடாது. நாள்பட்ட துளை என்றால் எப்படிச் செய்வது என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

16. டிரக்கியாஸ்டமி போட்ட பிள்ளையை வீட்டுல வெச்சுக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்க.

முடியும். ஆனால் வீட்டில் எப்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் விழித்திருக்கும் ஏற்பாடு தேவைப்படலாம். அதை மறைக்க விரும்பவில்லை. கழுத்துக் குழாய் வழியே காற்று போவதால் குரல்நாண் வழியே காற்று வராது. பிள்ளை அழுவது உங்கள் காதில் விழாமலே போகலாம். அடுத்த அறையில் இருந்துகொண்டு சத்தம் வந்தால் போகலாம் என்று இருக்க முடியாது. பார்வையில் இருக்க வேண்டும், மானிட்டரும் வேண்டும்.

அதே அளவுக் குழாய் ஒன்று, ஒரு அளவு சிறியது ஒன்று, நாடா, கத்தரிக்கோல், சளி உறிஞ்சும் கருவி, ஊதும் பை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிள்ளை போகும் இடத்துக்கெல்லாம், குளியலறைக்கும்கூட, அந்தப் பை கூடவே போகட்டும். அவசரத்தில் குழாய் மாற்றுவதை நீங்களும் இரண்டாவது ஆளும் இங்கேயே பலமுறை செய்துவிட்டுப் போங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் கையில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான்.

17. மருந்து குடுத்த அஞ்சு நிமிஷத்துல கக்கிட்டான். திரும்பக் குடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. டிகாக்சின் போன்ற இதய மருந்துகளில் இரண்டாம் முறை கொடுப்பது ஆபத்தாகலாம். எந்தெந்த மருந்தைத் திரும்பக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே மருந்து வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. மருந்துச் சீட்டில் மில்லிகிராம் இருக்கும், சிரிஞ்சில் மில்லிலிட்டர் இருக்கும். 5 மி.கி. மருந்து ஒரு மில்லியில் இருந்த பாட்டில் தீர்ந்து, அடுத்த முறை ஒரு மில்லியில் 10 மி.கி. உள்ள பாட்டில் வந்தால், பழைய அளவே கொடுத்தாலும் குழந்தைக்கு இரண்டு மடங்கு போய்விடும். பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் செறிவைப் படியுங்கள். அளப்பதற்கு வாய்வழி சிரிஞ்சு மட்டுமே, ஸ்பூன் வேண்டாம்.

18. எடை ஏறவே மாட்டேங்குது. பவுடர் பாலைக் கொஞ்சம் கெட்டியா கலக்கலாமா?

நீங்களாகச் செய்ய வேண்டாம். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, குடலுக்கும் ஒத்துக்கொள்ளாது. கூடுதல் சக்தி தேவைப்பட்டால் தாய்ப்பாலிலோ பவுடர் பாலிலோ எதை எவ்வளவு சேர்ப்பது என்று அளவோடு எழுதித் தருவார்கள். பிரசவத் தேதியைத் தாண்டிய முதல் மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. ஒரு நாள் எடையைப் பார்த்துக் கலங்காதீர்கள். ஒரே தராசில், ஒரே நேரத்தில், உடையில்லாமல் பார்த்து வாரக் கணக்கைப் பாருங்கள். தினமும் எடை பார்க்கச் சொல்லப்பட்ட இதய நோய்க் குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு.

ஒரு வேளை பால் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது, குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது என்றால் பாலில் குறையில்லை, குழந்தை களைத்துப்போகிறது. அதைச் சொல்லுங்கள்.

19. ஆறு மாசம் ஆச்சு, இன்னும் தலை நிக்கலை. தடுப்பூசியும் தள்ளிப் போடணுமா?

வயதுக் கணக்கு இரண்டு இருக்கிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முன்னதாக வந்துவிட்டது. ஆறு மாதம் ஆனாலும் அதன் திருத்திய வயது மூன்று மாதம்தான். தலை நிற்பது, சிரிப்பது, உட்காருவது, வளர்ச்சி வரைபடம் எல்லாவற்றையும் இரண்டு வயதுவரை திருத்திய வயதை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் தலை முழுதாக நிற்காதது கவலைப்பட வேண்டியதல்ல.

தடுப்பூசிக்கு அந்தக் கணக்கு இல்லை. பிறந்த தேதியிலிருந்தே எண்ணி, முழு அளவில் போட வேண்டும். 2 கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசியில் மட்டும் சில மாற்றங்கள் உண்டு. ஆர்.எஸ்.வி. என்ற சளிக் கிருமியிலிருந்து காக்கும் எதிர்ப்புப் புரத ஊசி உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

20. கண் டாக்டர் இங்கயே பார்த்துட்டாரே. வீட்டுக்குப் போன அப்புறமும் எதுக்கு?

தயவுசெய்து இந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் விளிம்புவரை வளரவில்லை. அது முடியும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ச்சி தாறுமாறாகிச் சிகிச்சை தேவைப்பட்டால், இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். சென்ற முறை நன்றாக இருந்தது என்பது இந்த வாரத்துக்குப் பொருந்தாது.

செவிப் பரிசோதனைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தி, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கிவிட்டால் பேச்சு வளர்ச்சி நன்றாக இருக்கும்.

21. சொந்தக்காரங்க எல்லாரும் பார்க்க வரேன்னு நிக்கறாங்க. வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?

என் மேல் பழி போடுங்கள். "நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று சொன்னால் யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாதாரணச் சளி இந்தக் குழந்தையை வென்டிலேட்டருக்குத் திருப்பி அனுப்பலாம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் ஒருவர் இருவராக, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிவிட்டு, முகத்தில் முத்தமிடாமல் பார்த்துப் போகட்டும். வீட்டிலிருப்பவர்கள் ஃப்ளூ, கக்குவான் இருமல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூத்த பிள்ளையைத் தள்ளி வைக்காதீர்கள். கை கழுவிவிட்டுப் பாதத்தைத் தொடலாம் என்று ஒரு வேலை கொடுத்தால் பெருமையோடு செய்வார்கள்.

22. இத்தனை நாள் காத்துட்டு இருந்தேன். இப்ப வீட்டுக்கு வந்ததும் சந்தோஷமே வரலை. நான் என்ன அம்மா?

மாதக்கணக்கில் அலாரம் சத்தத்தில் பயந்தே இருந்த உடம்பு, வீட்டுக்கு வந்த அன்றே அமைதியாகிவிடாது. ஃபோன் மணி அடித்தாலே துடித்து எழுவது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, குழந்தையைத் தொடவே பயம், இல்லை ஒரு கணமும் விடப் பயம், எல்லாமே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த பெற்றோரிடம் அடிக்கடி பார்ப்பவை. அப்பாக்களுக்கும் வருகிறது, அவர்கள் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

சட்டையைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்வதை வீட்டிலும் தொடருங்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இது. இன்று குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தையின் சூடும் மூச்சும் சீராகின்றன. வைத்திருப்பவரின் மனமும் அடங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கண் சொக்கினால் குழந்தையைப் படுக்கையில் விட்டுவிடுங்கள்.

23. பத்து நாள்ல திரும்ப அட்மிட் பண்ண வேண்டியதாயிடுச்சு. நாங்க ஏதோ தப்பு பண்ணிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் குழந்தைகள் முதல் வருடத்தில் திரும்பி வருவது சகஜம். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றால் 9-வது பதிலில் சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இந்த முறை வீட்டுக்குப் போகுமுன், எந்த இடம் கஷ்டமாக இருந்தது என்று சொல்லுங்கள். பயிற்சியில் நாங்கள் விட்டது எது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும்.

24. குணமாகாதுன்னு சொல்லிட்டாங்க. இருக்கற நாள் வீட்டுல இருக்கட்டும்னு நினைக்கறோம். அது தப்பா?

தப்பில்லை. இதற்கும் மற்றவர்களைப் போலவே தயாராக வேண்டும், சில விஷயங்களில் இன்னும் கூடுதலாக. வலியும் மூச்சுத்திணறலும் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து வீட்டில் இருக்க வேண்டும், அதை எப்படிக் கொடுப்பது என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். இரவில் யாரை அழைப்பது என்று ஒரு எண் வேண்டும். வலி தணிப்புப் பராமரிப்புக் குழு இருந்தால் கிளம்பும் முன்பே அவர்களைச் சந்தித்துவிடுங்கள்.

மூச்சு நிற்கும் நேரம் வந்தால் நெஞ்சை அழுத்த வேண்டுமா, மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டுமா, மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேசவே முடியாத பேச்சு இது, தெரியும். ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால், பதறி அழைத்த ஆம்புலன்ஸில் வருபவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்துவிடுவார்கள். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நடு இரவில் மனம் மாறினாலும் மாற்றலாம். பாட்டி தாத்தாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, வெயிலில் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருப்பது என்று இங்கே குழாய்களால் முடியாமல் போனது எதெல்லாம் உங்களுக்கு வேண்டும் என்று எங்களிடம் சொல்லுங்கள். எந்தக் குழாயை எடுத்துவிடலாம், எதைச் சின்னதாக மாற்றலாம் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி அனுப்புகிறோம்.